ஐப்பசி மழைக்கு ஒரு குடை: கடலூர், புதுச்சேரிப் பக்கம் மழைக்குடிலில் கீரை வளர்க்க

லடாக்கில் லே நகரத்தைச் சுற்றி டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் சுழியத்துக்குக் கீழே 15 டிகிரி வரை இறங்கும். அங்கேயும் கீரை விளைகிறது. தரையில் மூன்றடி ஆழம் குழி வெட்டி, மேலே பாலித்தீன் சீட்டை விரித்து, உள்ளே பாலக்கும் வெந்தயக்கீரையும் வளர்க்கிறார்கள். இன்னொரு வகையும் உண்டு. மூன்று பக்கம் தடித்த மண்சுவர், தெற்குப் பக்கம் மட்டும் சீட். பகல் வெயிலில் சூடேறும் சுவர், அந்தச் சூட்டை ராத்திரியில் மெல்ல மெல்ல விடும். அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் பசுமைக்குடிலுக்குள்ளேயே பாத்திமேல் இன்னொரு மெல்லிய துணியைப் போர்த்தி, வெளியே பனி கொட்டும்போது உள்ளே கீரை அறுக்கிறார்கள்.

இதையெல்லாம் யூடியூபில் பார்த்துவிட்டுத்தான் நானும் ரெட்டிச்சாவடிப் பக்கம் இருக்கிற எங்கள் 30 சென்டில் ஒரு குடில் போட்டேன். வீடியோவில் இருந்தபடியே நாலு பக்கமும் சீட்டால் மூடினேன். ஆவணி மாதம். காலை 11 மணிக்கு உள்ளே போனால் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து கண் தெரியாது. தெர்மாமீட்டர் 46 காட்டியது. தக்காளி பூத்தது, பூத்த வேகத்திலேயே காம்போடு உதிர்ந்தது. பகலில் 35 டிகிரியைத் தாண்டினாலே தக்காளியின் மகரந்தம் கெட்டுப்போகும், பிஞ்சு பிடிக்காது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பக்கத்து நிலத்துப் பெரியவர் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, “என்னா தம்பி, பந்தல்லாம் பலமா இருக்கு, கண்ணாலம் யாருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

குளிர்நாட்டுக்காரனுக்குக் குடில் ஒரு போர்வை. நமக்குக் குளிர் பிரச்சினையே இல்லை, மார்கழி ராத்திரியிலும் இங்கே 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நம் காய்கறியைக் கொல்வது ஐப்பசி, கார்த்திகை மழை. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்த வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. முளைத்த கீரையை மழைத்துளி மண்ணோடு அடித்துச் சாய்க்கும், பாத்தியில் தண்ணீர் நின்று வேர் அழுகும், தெறிக்கிற சேற்றோடு நோயும் இலைக்கு ஏறும். ஆகவே நமக்குத் தேவை ஒரு குடை. மேலே மட்டும் சீட், பக்கமெல்லாம் திறப்பு. கேரளத்தில் இதையே மழமற என்று சொல்லி வீட்டுக்கு வீடு போட்டிருக்கிறார்கள். நான் மழைக்குடில் என்கிறேன். 20 அடிக்கு 12 அடியில் ஒன்று போடுவது எப்படி என்று இங்கே சொல்கிறேன். ஒரு வீட்டுக்கு வேண்டிய கீரை போக, நாலு வீட்டுக்கு விற்கவும் இது போதும்.

எப்போது தொடங்குவது

குளிர்நாட்டு விவசாயிகளிடம் நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் குடிலில் இல்லை, நாள் கணக்கில் இருக்கிறது. பகல் நேரம் 10 மணிக்குக் கீழே போனால் செடி வளர்வது கிட்டத்தட்ட நின்றுவிடும் என்பது அவர்கள் கணக்கு. அதனால் குளிர் வந்த பிறகு விதைக்க மாட்டார்கள். கோடையின் கடைசியிலேயே விதைத்து, குளிர் இறுகுவதற்குள் செடியை முக்கால் பங்கு வளர்த்துவிடுவார்கள். அப்புறம் மாதக்கணக்கில் அறுப்பு மட்டும்தான்.

நம் பக்கம் டிசம்பர் 21-ஆம் தேதிகூடப் பகல் 11 மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. வெளிச்ச நேரத்தைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் அடைமழையில் விதைத்தால் முளைப்பு பாழ். எனவே ஆவணி பாதியில் இடம் பார்த்துக் கால் நட்டு, புரட்டாசி முதல் வாரத்தில் பாத்தி போட்டு விதைத்துவிட வேண்டும். புரட்டாசியில் விதைத்த அரைக்கீரை ஐப்பசி பிறக்கும்போது முதல் அறுப்புக்கு வந்திருக்கும். வேர் பிடித்த செடி ஈரக்காற்றைத் தாங்கும், நேற்று முளைத்தது தாங்காது. தீபாவளிக்குப் புதுத்துணி எடுத்த கையோடு சீட்டும் வாங்கலாம் என்று நினைத்தால் அந்த வருடம் போனதுதான்.

இடம்

மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு உங்கள் நிலத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு நடையில் தெரிந்துவிடும். பாகூர்ப் பக்கத்துக் களிமண்ணில் ஒரு சாண் பள்ளம் இருந்தாலும் ஒரு வாரம் தண்ணீர் நிற்கும். கேப்பர் மலை, ஆரோவில் பக்கத்துச் செம்மண்ணில் நிற்காது, அரித்துக்கொண்டு ஓடும். களிமண்காரர்கள் மேட்டைத் தேட வேண்டும், செம்மண்காரர்கள் சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட வேண்டும்.

தென்னைக்குக் கீழே போடாதீர்கள். நிழல் ஒரு காரணம், மட்டை இன்னொரு காரணம். காய்ந்த மட்டை ஒன்று விழுந்தாலே சீட் கிழியும்.

குடிலின் குறுகிய பக்கம் வடகிழக்கைப் பார்த்து இருக்கட்டும். பருவக்காற்று அங்கிருந்துதான் வரும். 20 அடி நீளப் பக்கத்தைக் காற்றுக்குக் காட்டினால் அது பாய்மரம். குறுகிய பக்கத்தைக் காட்டினால் காற்று உள்ளே புகுந்து மறுபக்கம் போய்விடும். 15, 20 அடி தள்ளி அகத்தியோ கிளைரிசிடியாவோ ஒரு வரிசை வைத்தால் காற்றின் வேகம் உடையும், ஆட்டுக்கும் தழை ஆகும்.

கால், கூரை, சீட்

குழாய்க் குடில் நன்றாகத்தான் இருக்கும், காசு வேண்டும். கடலூர்க் கடலோரத்தில் சவுக்குக்குப் பஞ்சமில்லை, அதையே வாங்குங்கள். ஓரக்கால் 8 அடியில் பத்து, நடுக்கால் 11 அடியில் மூன்று, முகட்டுக்கு 20 அடி நீளத்தில் நேரான கழி ஒன்று, இரண்டு ஓரத்துக்கும் அதே நீளத்தில் இரண்டு, முகட்டிலிருந்து ஓரத்துக்குச் சாய்வாக இறங்குகிற கைமரத்துக்கு 8 அடியில் பத்து. முகட்டுக்கழி ஒரே துண்டாகக் கிடைப்பது அரிது. ஒட்டுப் போட்டால் ஒட்டு நடுக்காலின்மேல் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் காலும் இரண்டடி மண்ணுக்குள் போக வேண்டும். புதைகிற பகுதியைத் தீயில் லேசாகக் கருக்கித் தார் பூசினால் கரையான் ஒன்றிரண்டு வருடம் தள்ளி வரும். ஓரத்தில் 5 அடிக்கு ஒரு கால், உயரம் 6 அடி. நடுவில் உயரம் 9 அடி. இந்தச் சரிவைக் குறைக்காதீர்கள். என் முதல் கூரை தட்டையாக இருந்ததால் மழைத் தண்ணீர் சீட்டில் தேங்கித் தொப்பை போட்டது. ராத்திரி 2 மணிக்குத் துடைப்பக் கட்டையால் அந்தத் தொப்பையைக் கீழிருந்து குத்தித் தள்ள, இடுப்பளவு தண்ணீர் மொத்தமும் என் முதுகில் இறங்கியது.

சீட் 200 மைக்ரான், புற ஊதாக் கதிர் தாங்கும் வகை, அதாவது கடையில் யூவி சீட் என்று கேட்க வேண்டியது. 18 அடிக்கு 24 அடி வேண்டும். இதில்தான் ஏமாற்று அதிகம். எனக்கு ஒரு கடையில் யூவி என்று சொல்லிக் கொடுத்தது சித்திரை முடிவதற்குள் அப்பளம்போல நொறுங்கியது. போய்க் கேட்டபோது “உங்க ஊர் வெயில் அப்படி சார்” என்றார்கள். சீட்டின் ஓரத்திலோ சுருளின் உறையிலோ மைக்ரானும் யூவியும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து, பில்லிலும் அதை எழுதி வாங்குங்கள். நல்ல சீட் மூன்று வருடம் உழைக்கும்.

சீட் முதலில் கிழிவது கம்பைத் தொடுகிற இடத்தில்தான். கழியில் துருத்துகிற கணுவையெல்லாம் அரிவாளால் சீவி, பழைய சைக்கிள் டியூபையோ சாக்கையோ சுற்றிக் கட்டுங்கள். கைமரத்தின் மேல்பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலில் கழி சூடேறுவது குறையும், சீட்டும் அந்த இடத்தில் சீக்கிரம் வெந்துபோகாது.

ஆணி அடிக்கவே கூடாது. சீட்டின் நீளவாக்கு ஓரத்தை மூங்கில் பிளாச்சில் இரண்டு சுற்றுச் சுற்றி, பிளாச்சை ஓரக்கழியோடு நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். கூரை ஓரத்துக்கு வெளியே ஓரடி நீட்டிக்கொண்டிருக்கட்டும். அப்புறம் சீட்டின் மேலேயே, கைமரத்துக்கும் கைமரத்துக்கும் நடுவில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நாலு கயிறு போட்டுத் தரையில் முளை அடித்துக் கட்டுங்கள். காற்றில் சீட் படபடக்கிற சத்தம் கேட்டால் இறுக்கம் போதவில்லை என்று அர்த்தம். முடிச்சு எல்லாம் சுருக்கு முடிச்சாக, ஒரு இழுப்பில் அவிழ்கிற மாதிரி இருக்க வேண்டும். ஏன் என்று புயல் பகுதியில் சொல்கிறேன்.

வடகிழக்கு முகப்பிலும் அதையொட்டிய பக்கத்திலும் மட்டும் 50 சதவீத நிழல்வலையைத் தொங்கவிடுங்கள். சாரல் அதில் பட்டுத் தூளாகி உள்ளே வரும், செடியை அடிக்காது. மற்ற பக்கம் திறந்தே கிடக்கட்டும். கூரையில் நிழல்வலை போடலாமா என்று பலர் கேட்பார்கள். மழைக்காலத்தில் வேண்டாம். மேகம் மூடிய நாளில் வெளிச்சமே கம்மி, அதில் 75 சதவீதப் பச்சை வலையையும் விரித்தால் கீரை வெளிறி, தண்டு நூலாக நீண்டு, மூன்றாம் நாள் சாயும். மொட்டை மாடியில் பச்சை வலை கட்டியவர்கள் வீட்டுக் கீரை ஒல்லியாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

தண்ணீர் போக வழி

கூரையில் விழுகிற தண்ணீர் எவ்வளவு என்று ஒரு தரம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 20-க்கு 12 அடி என்பது சுமார் 22 சதுர மீட்டர். 10 செ.மீ. மழைக்கு 2,200 லிட்டர். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த மழைக்கு இந்தச் சின்னக் கூரையிலிருந்தே பத்தாயிரம் லிட்டர் இறங்கியிருக்கும். அது உங்கள் பாத்திக்குள் வராமல் வெளியே போக வேண்டும்.

ஆகவே கூரைத் தண்ணீர் சொட்டுகிற கோட்டுக்கு நேர் கீழே ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் நாலு பக்கமும் வாய்க்கால். அதற்கு ஒரு வடிகால், நிலத்தின் தாழ்ந்த மூலைக்கு. வாய்க்காலின் உள்பக்கக் கரையில் வைக்கோல் போட்டால் சேறு தெறிக்காது. வசதி இருந்தால் ஓரத்தில் பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து தொங்கவிட்டு, 200 லிட்டர் பீப்பாய்க்குத் தண்ணீரைத் திருப்புங்கள். அது எதற்கு என்பது பின்னால் வரும்.

பாத்தியும் மண்ணும்

12 அடி அகலத்தில் நாலடிப் பாத்தி இரண்டு, நடுவில் இரண்டடி நடைபாதை, இரண்டு ஓரத்திலும் ஓரடி விடுங்கள். நடுக்கால் நடைபாதையில்தான் நிற்கும், ஒரு வாரம் மோதிக்கொள்வீர்கள், அப்புறம் பழகிவிடும். நாலடிக்கு மேல் பாத்தி வேண்டாம், இரு பக்கமிருந்தும் கை எட்டாது.

பாத்தி மண் தரையை விட ஓரடி உயரமாக இருக்கட்டும். செம்மண் என்றால் முக்கால் அடி போதும். ஒரு பாத்திக்கு மட்கிய தொழுவுரம் நாலு கூடை, வேப்பம் புண்ணாக்கு இரண்டு கிலோ, களிமண்ணாக இருந்தால் அதோடு மணலோ தென்னை நார்க்கழிவோ இரண்டு கூடை. தொழுவுரம் மட்கியதா என்று கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். சாணி வாடை அடித்தால் இன்னும் ஆகவில்லை, மழை பெய்த மண் வாசம் வந்தால் சரி. மட்காததைப் போட்டால் குடிலின் ஈரத்துக்கும் சூட்டுக்கும் பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி. தொழுவுரம் ஒரு கூடையில் டிரைகோடெர்மா விரிடி என்கிற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடி 100 கிராம் கலந்து, ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரம் நிழலில் வைத்துவிட்டுப் போட்டால் நாற்றழுகல் பெருமளவு அடங்கும்.

விதைப்பு

முதல் வருடம் கீரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தக்காளி, குடைமிளகாய் ஆசையெல்லாம் அடுத்த வருடத்துக்கு. கீரை 25 நாளில் பதில் சொல்லும், தப்பு செய்தாலும் 25 நாள்தான் நட்டம். ஒரு பாத்தியில் அரைக்கீரை. இன்னொன்றில் பாதி சிறுகீரை, மீதியில் வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும். ஓரடி ஓரத்தில் புதினாத் தண்டை ஊன்றிவிடுங்கள், அது தானாகப் பிழைத்துக்கொள்ளும்.

அரைக்கீரை விதை கடுகை விடச் சின்னது. 80 சதுர அடிப் பாத்திக்கு இரண்டு, மூன்று கிராம் போதும் என்று சொன்னால் புதியவர்கள் நம்ப மாட்டார்கள், ஒரு கைப்பிடி அள்ளித் தூவுவார்கள். நெருக்கம் அதிகமானால் காற்று புகாது, மழைக்காலத்தில் காற்று புகாத இடம் அழுகும். விதையை இரண்டு படி காய்ந்த மெல்லிய மணலோடு கலந்து, நீளவாக்கில் ஒரு தரம், குறுக்கே ஒரு தரம் தூவுங்கள். மேலே மண்புழு உரத்தைச் சல்லடையில் சலித்து, விதை மறைகிற அளவுக்கு மட்டும் போட்டுக் கையால் தட்டிவிடுங்கள்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் எறும்பு சாரை சாரையாக விதையைத் தூக்கிக்கொண்டு போகும். வெளியே ஈரமானதும் எறும்பெல்லாம் காய்ந்த இடம் தேடிக் குடிலுக்குத்தான் வருகிறது. மருந்து தேட வேண்டாம். பாத்தியின் விளிம்பைச் சுற்றி ஒரு பிடி ரவையோ அரிசிக் குருணையோ தூவிவிடுங்கள். பெரியதைக் கண்டதும் சின்னதை விட்டுவிடும். மூன்று நாள் தாக்குப்பிடித்தால் போதும், அதற்குள் விதை முளைகாட்டிவிடும்.

கொத்தமல்லியை அப்படியே விதைக்காதீர்கள். செருப்புக் காலாலோ பலகையாலோ லேசாகத் தேய்த்து ஒவ்வொன்றையும் இரண்டாக உடைத்து, 12 மணி நேரம் ஊறவைத்து விதையுங்கள். முளைக்கப் பத்து நாள் ஆகும். ஏழாம் நாளே பாத்தியைக் கிளறிப் பார்க்கிற புத்தி எனக்கு இருந்தது, அதனால் கெட்டது முளைதான். கார்த்திகை, மார்கழிக் குளுமையில் வருகிற கொத்தமல்லியின் வாசம் கோடைப் பயிருக்கு வராது.

விதை நேர்த்தி ஒரு நிமிட வேலை: நோயைத் தடுக்கும் பாக்டீரியாப் பொடியான சூடோமோனாஸ் ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் என்பது கணக்கு, நம் சின்ன அளவுக்கு ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கினால் சரி.

அன்றாடம்

வெளியே மழை கொட்டும்போது உள்ளே பூவாளியோடு நிற்பது முதல் வாரம் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். பெரியவர் அதையும் பார்த்துச் சிரித்தார். ஆனால் குடைக்குள் இருக்கிற பாத்திக்கு நாம்தான் மழை. இரண்டு விரல் ஆழத்து மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நின்றால் தண்ணீர் வேண்டாம், உதிர்ந்தால் ஊற்றுங்கள், விரலிடுக்கில் கசிந்தால் வடிகாலைப் போய்ப் பாருங்கள். ஊற்றுவது காலையில் மட்டும். சாயங்காலம் ஊற்றினால் இலை ராத்திரி முழுக்க ஈரத்தில் கிடக்கும். வெள்ளைத்துரு அப்படித்தான் வரும்: இலையின் மேலே மஞ்சள் புள்ளி, திருப்பினால் அடியில் மாவு ஒட்டினதுபோல வெள்ளைக் கொப்புளம். கண்டதும் அந்தச் செடிகளைப் பிடுங்கி வெளியே புதைத்துவிட்டு, லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் கலந்து மற்றதன் இலையடியில் படும்படி தெளியுங்கள்.

மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தால் தொங்குகிற வலையைத் தூக்கிக் கட்டிவிடுங்கள். பனிநாட்டில்கூட வெயில் நாளில் குடில் கதவைத் திறந்துதான் வைக்கிறார்கள்.

நத்தையைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. அடைமழையில் வெளியே இருக்கிற நத்தை எல்லாம் உள்ளே வரும். ராத்திரி 8 மணிக்கு மேல் டார்ச்சோடு போய்ப் பொறுக்க வேண்டும், கையில் உறை போட்டுக்கொண்டு. பகலில் நடைபாதையில் ஈரச்சாக்கு ஒன்றைப் போட்டு வைத்தால் அதன் அடியில் ஒண்டியிருக்கும், காலையில் தூக்கிப் பார்த்து உப்புத் தண்ணீரில் போடலாம். உப்பைப் பாத்தியில் மட்டும் தூவாதீர்கள்.

உப்பு என்றதும் நினைவு வருகிறது, இது கடலோரக்காரர்களுக்கு முக்கியம். குடிலுக்குள் மழை படாததால் மண்ணில் சேர்கிற உப்பு கழுவப்படுவதில்லை. நம் பக்கம் கடல் தண்ணீர் ஏறிய போர்வெல்கள் நிறைய. அந்தத் தண்ணீரையே இரண்டு பருவம் ஊற்றினால் பாத்தியின் மேல் வெள்ளையாகப் பொரி பூக்கும், முளைப்பு குறையும். பீப்பாய்த் தண்ணீர் இதற்குத்தான். பீப்பாய் இல்லாதவர்கள் ஒரு அறுப்பு முடிந்து பாத்தி காலியாக இருக்கும்போது சீட்டை இரண்டு நாள் சுருட்டிவைத்து, நல்ல மழை ஒன்றை உள்ளே விடுங்கள்.

அறுப்பு அரைக்கீரைக்குத் தரையிலிருந்து நாலு விரல் விட்டு. 25 நாளில் முதல் அறுப்பு, பிறகு வாரம் பத்து நாளுக்கு ஒன்று. சிறுகீரையை வேரோடு பிடுங்குங்கள், அந்த இடத்தில் உடனே அடுத்த விதை. கார்த்திகையில் வெளிநிலத்துக் கீரை எல்லாம் அழுகிக் கிடக்கும்போது உழவர் சந்தையில் உங்கள் கட்டுக்கு விலை கேட்க யாரும் யோசிக்க மாட்டார்கள். மண் தெறிக்காத கீரை பார்த்தாலே தெரியும்.

புயல்

கார்த்திகைக்குப் பிறகு மழையும் இல்லை, கர்ணனுக்குப் பிறகு கொடையும் இல்லை என்பார்கள். பழமொழியை நம்பிக் கார்த்திகை முடிந்ததும் கயிற்றை மறந்துவிடாதீர்கள். தானே புயல் 2011 டிசம்பர் 30-இல், அதாவது மார்கழியில், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. மணிக்கு 140 கி.மீ. வரை காற்று. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஐம்பது வருடப் பலாவே நிற்காத காற்றில் சவுக்குக் கழியும் சீட்டும் நிற்கும் என்று நினைக்க வேண்டாம். நிற்கவைக்க முயலவும் வேண்டாம். புயலுக்குச் சீட்டைக் கழற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

எப்போது கழற்றுவது? நான் கடலூர், புதுச்சேரி துறைமுகங்களில் ஏற்றுகிற எச்சரிக்கைக் கூண்டைக் கணக்கு வைத்துக்கொள்கிறேன். ஒன்றும் இரண்டும் தொலைதூர எச்சரிக்கை. அப்போது கயிறு, முளை எல்லாம் ஒரு தரம் இழுத்துப் பார்ப்பேன், வடிகாலைத் தூர் எடுப்பேன். மூன்று ஏறினால் உள்ளூருக்குப் பலத்த காற்று என்று அர்த்தம். அறுக்கக்கூடிய கீரையை எல்லாம் அறுத்துவிடுவேன். அதற்கு மேல் ஏறினால் சீட்டைக் கழற்றுகிறேன். வீசத் தொடங்கிய பிறகு ஏணியில் ஏறாதீர்கள், காற்று பிடித்த சீட் ஆளையும் சேர்த்துத் தூக்கும்.

சுருக்கு முடிச்சு இருந்தால் இரண்டு பேருக்குக் கால் மணி நேர வேலை. குறுக்குக் கயிறுகளை அவிழ்த்து, காற்று வராத பக்கத்துப் பிளாச்சை விடுவித்து, அதையே உருளையாக வைத்து முகட்டைத் தாண்டி மறுபக்கம் வரை சுருட்டி இறக்குங்கள். தொங்குகிற நிழல்வலையைக் கழற்றிப் பாத்திமேல் படுக்கவைத்து, ஓரத்தில் செங்கல்லை வைத்துவிடுங்கள். நேரடி மழையை விட அது பரவாயில்லை, பாதிச் செடி பிழைக்கும். நிவார் வந்த 2020 நவம்பரில் நான் சோம்பேறித்தனத்தால் கழற்றவில்லை. மறுநாள் காலை சீட்டின் பெரும்பகுதி பெரியவரின் தென்னை உச்சியில் கொடிபோலப் பறந்துகொண்டிருந்தது. கழி இரண்டு முறிந்தது. குடிலுக்குப் பக்கத்தில் இருந்த பாத்திகள் மட்டும் தப்பின, அவற்றின்மேல் வலை இருந்தது.

புயல் போனதும் முதல் வேலை வாய்க்கால், இரண்டாவது சீட். இரண்டு நாளுக்குள் மூடிவிடுங்கள், அடுத்த தாழ்வு மண்டலம் பெரும்பாலும் பின்னாலேயே வரும். மண் இறுகியிருக்கும், மேலாகக் கொத்திவிட்டு சூடோமோனாஸ் ஒரு தரம் ஊற்றுங்கள்.

அடுத்த வருடத்துக்கு

கீரை கைவந்த பிறகு அதே குடிலில் நாற்று விடலாம். ஆவணிக் கடைசியில் 98 குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு நிரப்பித் தக்காளி, கத்தரி, மிளகாய் விதைத்தால் தக்காளி 25 நாளிலும் மற்றவை 35, 40 நாளிலும் நடவுக்கு வரும். கத்தரிக்குப் பண்ருட்டி வழியில் இருக்கிற பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தின் பாலூர் 1 ரகம் நம் மண்ணுக்குப் பழகியது. விதையும் ஆலோசனையும் நேரில் போய்க் கேட்கலாம். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பெரிய அளவில் நிழல்வலைக் குடில் போடுகிறவர்களுக்குத் தோட்டக்கலைத் துறையில் மானியம் உண்டு, விதிமுறை அவ்வப்போது மாறும். வட்டார அலுவலகத்தில் கேட்டு, அனுமதி கைக்கு வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். முதலில் கட்டிவிட்டுப் பிறகு கேட்டால் கிடைக்காது.

தை பிறந்து பொங்கல் முடிந்ததும் சீட்டைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் பாசியைத் துடைத்து, நிழலில் காயவைத்து, ஒரு சவுக்குக் கழியில் சுருட்டிவிடுங்கள். பங்குனி முதல் ஆனி வரை அதே சட்டத்தில் 50 சதவீத நிழல்வலை போட்டால் கோடைக்கும் கீரை உண்டு. சுருட்டிய சீட்டைத் தரையில் வைக்காதீர்கள். எலி அதற்குள் வீடு கட்டும், விரித்தால் காகிதப் பூ வெட்டினதுபோல வரிசையாக ஓட்டை இருக்கும். மாட்டுக்கொட்டகை உத்திரத்தில் இரண்டு முனையிலும் கம்பி போட்டுத் தொங்கவிடுங்கள். கயிறு வேண்டாம், எலி கயிற்றில் இறங்கிவிடும்.